இணைப்பு திறப்பு விழா

எழுபத்திரண்டு மணி நேரக் கெடுவில் பத்தொன்பது மணி இருபது நிமிடம் கழிந்த பிறகுதான் இயக்குநர் அந்த மின்னஞ்சலைக் கத்தியால் பிரித்தார்.

விதைத் தர ஆய்வு நிலையத்தில் தபால் பிரிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. காலை பத்தரைக்குக் கண்காணிப்பாளர் எவர்சில்வர் தட்டில் பழுப்பு உறைகளை அடுக்கி எடுத்துவருவார். இயக்குநர் ஒவ்வொன்றாகக் கீறுவார். அவர் கத்தி படாத உறையை வேறு யாரும் தொடக்கூடாது. மின்னஞ்சல் வந்த காலத்தில் இந்த முறையை விட்டுவிடலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. விட வேண்டியதில்லை என்று முடிவானது. அன்றிலிருந்து முந்தைய நாள் வந்த மின்னஞ்சல்களைக் கண்காணிப்பாளர் அச்செடுத்து, மூன்றாக மடித்து, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டித் தட்டில் வைக்கிறார். இயக்குநர் கீறுகிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று உறைகள். ஒன்று, தலைமை அலுவலகத்தின் நினைவூட்டல். இன்னொன்று, மெத்தை விற்பவர் எழுதியது. மூன்றாவதைப் படித்ததும் இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேசைக்கு இந்தப் பக்கம், அன்றன்றைய முளைப்புக் கணக்கில் கையெழுத்து வாங்க ஆய்வக உதவியாளர் நின்றுகொண்டிருந்தாள். ஈரத் தாளில் நூறு விதையை வரிசையாக வைத்து, ஏழாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ணுவது அவள் வேலை. அதனால் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் முளை. தற்காலிக வேலை. மூன்று வருட ஒப்பந்தம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரம் செய்யும் உத்தரவு தட்டச்சாகி, இயக்குநரின் வலது கைப்பக்கத்தில் நான்கு நாளாகக் கிடந்தது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை முளை மூச்சைக்கூடச் சத்தமில்லாமல்தான் விட்டுக்கொண்டிருந்தாள்.

“நம்ம மேல வழக்குப் போடப்போறாங்களாம்” என்றார் இயக்குநர். குரலில் கவலை இல்லை. பதவி உயர்வு வந்தவரின் குரல் அது.

மதிப்புக்குரிய இணையதள உரிமையாளருக்கு என்று கடிதம் தொடங்கியது. தங்கள் இணையதளத்தில் எங்கள் கட்சிக்காரருக்குச் சொந்தமான படம் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஆதாரத்தைக் காணக் கீழே உள்ள இணைப்பை அழுத்தவும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தத் தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, சட்டப் பிரிவு.

கீழே நீல எழுத்தில் ‘இங்கே அழுத்தவும்’ என்றிருந்தது. இயக்குநர் ஆள்காட்டி விரலால் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டை விரலால் அழுத்தினார். காகிதம் லேசாகக் கசங்கியது. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மரியாதையாக ஒரே ஒரு முறை அழுத்தினார்.

“வரல சார்.”

“இணைப்பு இணைக்கப்படவில்லைன்னு எழுதிக்கோங்க.”

முளை எட்டி நின்று அந்தத் தாளைப் பார்த்தாள். அவளுக்கு அதில் சந்தேகம் வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாருடைய பெயரும் இல்லை. எந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவு என்று இல்லை. எந்தப் படம் என்று இல்லை. அனுப்பியவர் முகவரியில் எழுத்தும் எண்ணுமாக எதையோ கொட்டி வைத்திருந்தார்கள். பார்க்கத் திடமாக இருக்கும் செத்த விதையை விரலால் அழுத்தினால்தான் கூழ் வெளியே வரும். இதை அழுத்தாமலே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

“சார், இது ஏமாத்து மின்னஞ்சல் மாதிரி இருக்கு” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். “ஏமாத்துறவன் சாதாரண ஆளுங்களைத்தாம்மா ஏமாத்துவான். எனக்கு எழுதியிருக்கான்னா அது ஏமாத்தா இருக்க முடியாது. ‘மதிப்புக்குரிய’ன்னு ஆரம்பிச்சிருக்கான் பாரு. பதினெட்டு வருஷத்துல தலைமை அலுவலகம் ஒரு தடவை எனக்கு அப்படி எழுதியிருக்குமா?”

எந்தப் படம் என்று கடிதம் சொல்லாதது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. நிலையத்தின் இணையதளத்தில் இருந்ததே ஒரு படம்தான். முளைப்பு அறைக்குப் புதிதாகப் போட்ட கண்ணாடிக் கதவை இயக்குநர் ரிப்பன் வெட்டித் திறந்துவைக்கும் படம். இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதையே நாலடிக்கு மூன்றடியாகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். இப்போது நாற்காலியைத் திருப்பி அதைப் பார்த்தார்.

“உலகத்துல எங்கேயோ ஒருத்தன் இந்தப் படம் என்னோடதுன்னு சண்டைக்கு வர்றான். படம் எந்தத் தரத்துல இருந்தா அது நடக்கும்?”

கண்காணிப்பாளர் தரம் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். முளை படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

அன்று பகல் பன்னிரண்டுக்குச் சட்ட ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். பதினோரு வருடத்தில் நிலையத்தின் சார்பில் அவர் நடத்தியது ஒரே வழக்கு. பக்கத்து வளாகத்து ஆடு, ஆய்வுக்கு வந்த மாதிரி விதையைத் தின்ற வழக்கு. அதிலும் ஆடு பாதியில் செத்துப்போனதால் தீர்ப்பு இல்லாமல் முடிந்தது. அவர் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கினார். முளை அவரிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அந்தச் சட்டப் பிரிவு நிஜமாகவே இருக்கிறதா என்று, கடிதத்தில் இருக்கும் முகவரியை விட்டுவிட்டு வேறு வழியில் விசாரிக்கலாமே என்றாள்.

“விசாரிச்சு ஏமாத்துன்னு தெரிஞ்சா ஃபைலை மூடணும்மா” என்றார் ஆலோசகர். “மூடின ஃபைலுக்கு ஆலோசகர் எதுக்கு?”

இணைப்பை மூன்று படிகளில், முத்திரையிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புமாறு எதிர்த்தரப்புக்கு ஒரு பதில் போனது. சரியாக மூன்று பத்துக்கு மறுபடி மின்னஞ்சல் வந்தது. இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரமே உள்ளது என்றது. அது தானாக வரும் நினைவூட்டல் என்று முளைக்குத் தெரிந்தது. இயக்குநருக்கு அது பதிலாகத் தெரிந்தது. அவசரம் கருதி அன்றைக்கு மட்டும் மாலையிலும் தட்டு வந்தது, கத்தி கீறியது.

“மூணே மணி நேரத்துல பதில்” என்று அவர் வியந்தார். “நம்ம கழிவறைக் குழாயை மாத்தித் தரச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதி எத்தனை நாளாச்சு?”

“நானூத்திப் பன்னிரண்டு நாள் சார்” என்றார் கண்காணிப்பாளர்.

“பார்த்துக் கத்துக்கணும்.”

அன்று மாலை வீட்டில் அக்கா தையல் இயந்திரத்தில் ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். முளை பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு நூலை வெட்டியபடி எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

“எனக்கே வாரத்துக்கு ரெண்டு வருதுடி. போன வாரம்கூட, உன் துணி டிசைன் எங்களோடது, நீதிமன்றத்துல பாத்துக்கலாம்னு ஒருத்தன். நான் தைக்கிறது பள்ளிக்கூட யூனிஃபார்ம். அதுல என்ன டிசைன்? அழிச்சுட்டுப் பட்டன் வைக்கப் போயிட்டேன்.”

“நீ சொல்றது சரிக்கா. அவங்க நம்ப மாட்டேங்கிறாங்க.”

“நம்ப வைக்க ஒரு வார்த்தை போதுமே.” இயந்திரம் நின்றது. “அந்தப் போட்டோவை எடுத்தவளே நீதானே? நீ எடுத்த படத்துக்கு எவன்டி உரிமை கொண்டாடுறது?”

முளை நூலை வெட்டினாள். சொல்ல முடியாததும் அந்த ஒரு வார்த்தைதான்.

கதவு திறப்பு விழா அன்று ஒரு புகைப்படக்காரர் வந்தது உண்மை. கேமராவை எடுத்துவந்தவர் பேட்டரியை வீட்டில் விட்டுவந்தார். ரிப்பன் கட்டியாகிவிட்டது, கத்தரிக்கோல் தட்டில் வந்துவிட்டது, இயக்குநர் ரிப்பனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். கண்காணிப்பாளர் முளையின் காதருகே குனிந்து, போனைக் கொஞ்சம் எடும்மா, ஒரே ஒரு நிமிஷம், யாருக்குத் தெரியப்போகுது என்றார். முளை வெள்ளை அங்கியின் பையிலிருந்து எடுத்தாள், அழுத்தினாள், மறுபடி பைக்குள் போட்டாள். படம் தொழில்முறைக் கலைஞரால் எடுக்கப்பட்டது என்று கண்காணிப்பாளர் கோப்பில் எழுதினார். நாளடைவில் அதை அவரே நம்பிவிட்டார்.

நிலையத்துக்குள் கைபேசி கொண்டுவரத் தடை இருந்தது. கைபேசியின் அதிர்வு முளைக்கும் விதையின் மன அமைதியைக் குலைக்கிறது என்று இயக்குநர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் கண்டுபிடித்திருந்தார். விதைக்கு மனம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் அளவுக்கு யாருக்கும் வேலை வெறுத்துப்போயிருக்கவில்லை. முளைப்பு அறையின் அருகே கைபேசியோடு காணப்படும் நிரந்தர ஊழியருக்கு எச்சரிக்கை. தற்காலிக ஊழியர் அன்றே வீட்டுக்குப் போகலாம், விளக்கம் கேட்கப்படாது. இந்த விதியின் கீழ் ஏற்கெனவே இரண்டு பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காம இருந்துட்டா போதும்க்கா” என்றாள் முளை.

“நீ எப்போ திறந்திருக்கே?” என்று அக்கா மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

புதன்கிழமை காலை படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். அது இப்போது ஆதாரம். கண்காணிப்பாளர் அறையில் சாய்த்து வைத்துப் பட விசாரணைக் குழு கூடியது. குழுவில் இயக்குநர், கண்காணிப்பாளர், சட்ட ஆலோசகர் மூவரும் இருந்தார்கள். கணினி தெரிந்தவள் என்று முளையையும் நிற்க வைத்தார்கள். விதை பார்க்கும் உருப்பெருக்கியை அவள் மேசையிலிருந்து வாங்கிவந்து, படத்தில் இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் பட்டியல் எடுத்தார்கள். இயக்குநர். இயக்குநரின் புன்னகை. கத்தரிக்கோல். ரிப்பன், சிவப்பு. தட்டு. கண்காணிப்பாளரின் இடது முழங்கை. இப்படிப் போய்ப் பதினொன்றாவதில் ஆலோசகர் நின்றார்.

“கண்ணாடிக் கதவுல வலது பக்கம் ஏதோ வெள்ளையா இருக்கே?”

மூவரும் முறை வைத்துக் குனிந்து பார்த்தார்கள். முளை வெள்ளை அங்கியும் மூக்குக்கண்ணாடியுமாக அவர்களுக்குப் பின்னால், மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். கறை என்று ஏகமனதாக முடிவானது. கண்ணாடிக் கதவின் வலப்புறம் வெள்ளைக் கறை, உயரம் ஒரு சாண் என்று பதிவு செய்தார்கள். திறப்பு விழா அன்றே கதவில் கறை இருந்ததற்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காரணம் கூற வேண்டும் என்று துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவுக்கு ஒரு குறிப்பாணை தயாரானது.

அந்த அம்மா வாளியோடு வந்தார். கதவைத் துடைத்தார். கறை போகவில்லை என்றார் கண்காணிப்பாளர், படத்தைப் பார்த்தபடி. மறுபடி துடைத்தார். நான்காவது முறை துணியைப் பிழிந்துவிட்டு, குழு தேநீருக்குப் போயிருந்த நேரத்தில், தானே வந்து படத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு முளையைப் பார்த்தார்.

“ஏன் பாப்பா, இந்தக் கறை மூக்குக்கண்ணாடி போட்டிருக்கே?”

முளை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“கையில வேற எதையோ தூக்கிப் பிடிச்சிட்டு நிக்குது.” அம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். “நான் ஒண்ணும் பார்க்கல. கறைன்னா துடைக்கச் சொல்லு, துடைக்கிறேன். ஆளைத் துடைச்செடுக்க எனக்குத் தெரியாது.” வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தேநீர் முடிந்து வந்த ஆலோசகருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. நிலையம் விழிப்போடு இருந்தது என்று நாளை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். அதனால் ஏமாற்று மின்னஞ்சலைக் கண்டுகொள்வது எப்படி என்று ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி வைப்போம். இந்த மின்னஞ்சல் அப்படிப்பட்டதல்ல என்பது வேறு விஷயம். எழுதிக் கொடுக்கும்படி முளையிடம் சொன்னார்கள்.

முளை அரைத் தாளில் எழுதினாள். ஏமாற்று மின்னஞ்சலில் உங்கள் பெயர் இருக்காது; எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். அனுப்பியவர் முகவரியைப் பார்த்தால் அந்த அலுவலகத்துடையதாக இருக்காது. நடவடிக்கை எடுப்போம் என்று மிரட்டும். யோசிக்கவோ நாலு பேரிடம் கேட்கவோ நேரம் தராது. கடைசியில் எதையாவது அழுத்தச் சொல்லும். இந்த ஐந்தும் சேர்ந்து இருந்தால் அழுத்தாதீர்கள், பதில் போடாதீர்கள். அனுப்பியதாகச் சொல்பவரை நீங்களாகத் தேடி விசாரியுங்கள். பிறகு அழித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

ஒரு படியைக் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த நாற்பத்தொரு பேரும் கை காயும் வரை நின்று அதைப் படித்தார்கள். அதைவிட நீளமாக இருந்திருந்தால் படித்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு படி கண்காணிப்பாளரிடம் போனது. அவர் அதை அலுவலக நடைக்கு மாற்றினார். அலுவலக முகவரியிலிருந்து அனுப்பினால் வரிசை எண் போட வேண்டும். பதிவு நோட்டில் மிச்சமிருந்த கடைசி எண்ணை முந்தைய நாள் எதிர்த்தரப்புக்குப் போன பதில் எடுத்துக்கொண்டது. அதனால் தன் மருமகனுடைய முகவரியிலிருந்து அனுப்பினார். அனைவருக்கும் என்று தொடங்கியது சுற்றறிக்கை. முக்கிய அறிவுரை இணைப்பில் உள்ளது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணைப்பை அழுத்திப் படித்து உறுதி செய்யத் தவறுபவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, நிர்வாகம்.

இரண்டரை மணிக்கு மூட்டைப் பிரிவில் வேலை பார்ப்பவர் முளையைத் தேடி வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“முளை, நீ எழுதினியே, அதே மாதிரி ஒண்ணு எங்க பிரிவுக் கணினியில எனக்கு வந்துச்சு. விரல் விட்டு எண்ணினேன். அஞ்சும் இருந்துச்சு. போட்டுத் தள்ளிட்டேன்.”

நாற்பத்தொரு பேரும் போட்டுத் தள்ளியிருந்தார்கள். சிலர் விசாரிக்கவும் செய்தார்கள். நிர்வாகமா, அப்படி யாரும் எங்கள் வீட்டில் இல்லை என்று கண்காணிப்பாளரின் மருமகன் போனில் சொல்லியிருக்கிறார். அன்று மாலை மூன்று பத்துக்கு எதிர்த்தரப்பிலிருந்து கடைசி எச்சரிக்கை வந்தது. நாலரைக்கு நிர்வாகத்திலிருந்தும் ஒன்று போனது. வியாழன் காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம், வராதவர்கள் மீது நடவடிக்கை, நிகழ்ச்சி நிரலுக்கு இங்கே அழுத்தவும்.

வியாழன் காலை பத்து மணிக்குக் கூட்ட அறையில் நாற்பத்தைந்து நாற்காலிகளும் நான்கு பேரும் இருந்தார்கள். இயக்குநர் பத்தே கால் வரை காத்திருந்தார். பிறகு, கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம் என்று தொடங்கி முழு உரையையும் நிகழ்த்தினார். கைதட்ட வேண்டிய மூன்று இடங்களில் கண்காணிப்பாளர் தட்டினார். வராதவர்களிடம் காரணம் கேட்டு உடனே மின்னஞ்சல் போனது. அது போன வேகத்தில் அழிக்கப்பட்டது.

அப்போதுதான் யாரோ தொட்டிக்கு மேலே இருந்த அரைத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து இயக்குநர் முன் வைத்தார்கள். அவர் அதையும் சுற்றறிக்கையின் அச்சுப் படியையும் அருகருகே வைத்துப் படித்தார். பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஐந்தும் இருந்தன. முளை வாசலருகே நின்று, இப்போதாவது புரியும் என்று நினைத்தாள்.

“அஞ்சு அறிகுறியும் நம்ம சுற்றறிக்கையில இருக்கு” என்றார் இயக்குநர். “அப்போ அறிகுறிதான் தப்பு.”

அரைத் தாள் குப்பைக் கூடைக்குப் போனது. கெடு முடிய நான்கு மணி நேரம் இருந்தது. எதிர்த்தரப்பு இவ்வளவு கண்ணியமாகக் காத்திருக்கும்போது இனியும் தாமதிப்பது முறையல்ல என்று இயக்குநர் கருதினார். இணைப்பைக் காகிதத்தில் அழுத்தினால் திறக்காது, கணினியில் அழுத்த வேண்டும் என்ற செய்தி எப்படியோ அவரை எட்டியிருந்தது. எட்ட வைத்தவர் ஆலோசகர். நிலையத்தில் எதையும் இயக்குநரே திறக்க வேண்டும் என்பதால், பிற்பகல் மூன்று மணிக்குக் கண்காணிப்பாளர் அறையில் இணைப்பைத் திறக்கும் நிகழ்ச்சி ஏற்பாடானது. மின்னஞ்சலில் சொன்னால் யாரும் வருவதில்லை என்பதால் மணி அடித்துக் கூப்பிட்டார்கள்.

 முளையின் மூன்று வருடக் கணக்கும் கண்காணிப்பாளர் அறையின் அந்த ஒரு கணினியில்தான் இருந்தது. எண்ணி எழுதிய தாள்களைக் கணினியில் ஏற்றிய மறுநாளே காகிதச் சிக்கனம் என்று கிழித்துப்போட்டுவிடுவார்கள். மின்னஞ்சலை அச்செடுக்கக் காகிதம் வேண்டுமே. கணக்கைப் பிரதி எடுத்து வைக்க ஒரு பென்டிரைவ் கேட்டு மூன்று முறை எழுதியிருந்தாள். பென்டிரைவ் கைபேசியின் உறவுக்காரன் என்று இயக்குநர் மறுத்துவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை முந்நூற்று எண்பத்தாறு மாதிரிகளின் முடிவு போக வேண்டும். எந்த விதை உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று தெரிந்துதான் அந்த முந்நூற்று எண்பத்தாறு இடங்களிலும் விதைப்பார்கள். அந்த இணைப்பை அழுத்தினால் உள்ளே வருவது எதுவானாலும் அந்தக் கணக்கை விட்டுவைக்காது.

மூன்று மணிக்கு அறையில் நாற்பத்தைந்து பேர் நெருக்கியடித்து நின்றார்கள். திரைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் நாலடிக்கு மூன்றடிப் படம் சாய்ந்திருந்தது. தட்டில் கத்தரிக்கோல் வந்தது. மேசை ஓரத்தில், நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று, அன்று மாலை கையெழுத்தாக வேண்டிய உத்தரவுகளையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மேலே இருந்தது முளையுடையது.

இயக்குநர் பேசினார். சட்டத்தைக் கண்டு இந்த நிலையம் என்றும் ஓடியதில்லை என்றார். சட்டம் இந்த நிலையத்தைத் தேடி வந்ததும் இதுவே முதல் முறை என்றார். இப்படியொரு வாய்ப்பை நல்கிய எதிர்த்தரப்புக்கு நன்றி சொன்னார். அது யாரென்று தெரியாததால் நன்றி பொதுவாக இருந்தது.

கண்காணிப்பாளர் முளையின் காதருகே குனிந்தார்.

“போட்டோக்காரர் வரல. போனைக் கொஞ்சம் எடும்மா. ஒரே ஒரு நிமிஷம். யாருக்குத் தெரியப்போகுது?”

முளையின் கை அங்கிப் பைக்குள் போனது. போன் அங்கே சூடாக இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. மேசை ஓரத்து உத்தரவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். ரிப்பனுக்குப் பின்னால் அவளுடைய கணக்குக் கோப்புகள் சின்னச் சின்னக் கட்டமாக வரிசையில் இருந்தன, ஈரத் தாளில் விதை வைத்த மாதிரி.

ரிப்பன் வெட்டப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் மவுஸின் மேல் கை வைத்தார். அம்பு திரையில் கொஞ்சம் அலைந்து திரிந்து நீல எழுத்தைக் கண்டுபிடித்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஏழு.

“சார்” என்றாள் முளை.

கைதட்டலில் அது கேட்கவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டபோது கைதட்டல் நின்றிருந்தது. அதனால் தேவைக்கு மேலேயே கேட்டது. மூன்று வருடத்தில் அவள் குரலை முதல் முறை கேட்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

“அழுத்தாதீங்க சார்.”

இயக்குநர் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் திரும்பினார். ஏன் என்று கேட்டார்.

“அது ஏமாத்து. அந்தப் படம் அவங்களோடது இல்ல.”

“அதை முடிவு செய்யத்தானே குழு போட்டிருக்கோம்” என்றார் ஆலோசகர். “படத்தை யார் எடுத்ததுன்னு குழுவாலயே கண்டுபிடிக்க முடியல. உங்கிட்ட ஆதாரம் இருக்கா?”

கண்காணிப்பாளர் எதையோ நினைவுக்குக் கொண்டுவருபவர் போல முகத்தைச் சுருக்கினார். பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற அம்மா, முளைக்கு வழி கிடைக்கும்படி மூட்டைப் பிரிவுக்காரரை முதுகில் தட்டி ஒதுக்கினார்.

முளை நடந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். பையிலிருந்து போனை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைத்தாள், தன் உத்தரவின் மேலேயே. கண்ணாடிக் கதவின் வலப்புறத்தில், குழு ஒரு சாண் என்று அளந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இது கறை இல்ல சார்” என்றாள். “நான். இந்தப் படத்தை எடுத்தது நான்தான். இந்த போன்லதான்.”